கடலுக்குள் ஒரு பட்டம்: நூல் யார் கையில்?

நாம் எல்லாருமே பட்டம் விட்டிருப்போம். சில சமயம் நூலை இழுப்போம், சில சமயம் விட்டுக் கொடுப்போம். இதே வேலையைக் கடலுக்கு அடியில் தலைகீழாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா?

2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய எம்.எச்.370 விமானம் 239 பேருடன் காணாமல் போனது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் அதைத் தேடினார்கள். அங்கே பல இடங்களில் ஆழம் 4 கிலோமீட்டருக்கு மேல். கும்மிருட்டு. கண்ணால் பார்க்க முடியாது, ஒலியால்தான் பார்க்க முடியும். அதனால் கப்பலுக்குப் பின்னால், நீளமான கேபிளில் ஒரு சோனார் கருவியைக் கட்டி இழுத்தார்கள். அதை 'மீன்' என்பார்கள். அது தரைக்குச் சற்று மேலே போய்க்கொண்டே இரண்டு பக்கமும் ஒலி அனுப்பும். திரும்பி வரும் எதிரொலி திரையில் படமாக விழும்.

இதற்கு ஒருத்தர் போதுமா? போதாது!

1. கப்பலை ஓட்டுபவர்: நேர்கோட்டில், மெதுவாகப் போக வேண்டும். வேகம் கூடினால் மீன் மேலே ஏறும். குறைந்தால் கீழே இறங்கும்.

2. வின்ச் பார்ப்பவர்: நூல் இவர் கையில்தான். மேடு வந்தால் கேபிளைச் சுற்றி இழுப்பார், பள்ளம் வந்தால் விடுவார்.

3. இடம் குறிப்பவர்: மீன் பல கிலோமீட்டர் பின்னால் வரும். அது சரியாக எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவார். இவர் தப்பினால் படம் இருக்கும், இடம் தெரியாது.

4. திரை பார்ப்பவர்: கல்லா, இரும்பா என்று எதிரொலியில் தேடுவார். 2015-இல் இப்படித் தெரிந்த ஒரு புள்ளியைக் கேமராவால் பார்த்தபோது, அது 19-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல்!

இரவு பகலாக முறை மாற்றி உட்காருவார்கள். இத்தனை பேர் இருந்தும் ஆபத்து உண்டு. 2016 ஜனவரியில் ஃபுக்ரோ டிஸ்கவரி கப்பலின் மீன், 2,200 மீட்டர் உயரமுள்ள ஒரு சேற்று எரிமலையில் மோதியது. கேபிள் அறுந்து கடலடியில் விழுந்தது. அடுத்த மாதம் இன்னொரு கப்பல் வந்து அதை மீட்டது.

சுமார் 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடிய பிறகு, 2017 ஜனவரியில் அந்தத் தேடுதல் நின்றது. விமானம் அங்கே கிடைக்கவில்லை.

அப்போ அத்தனை உழைப்பும் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. "இங்கே இல்லை" என்று உறுதியாகச் சொல்லணும்னா நாலு பேரும் கண் அசராமல் இருந்திருக்கணும். "யாரோ தூங்கின இடத்தில்தான் இருந்திருக்குமோ?" என்ற சந்தேகம், காத்திருக்கும் குடும்பங்களுக்கு வரக் கூடாது இல்லையா?

அடுத்த முறை பட்டம் விடும்போது, நூல்கண்டு பிடிக்கும் நண்பனையும் கொஞ்சம் பாராட்டுங்கள்!