கட்டுபவர் தரும் காசு எங்கே போகிறது?

இங்கிலாந்தில் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். புதிய வீடமைப்புத் திட்டம். வீடுகளுக்கு நடுவே புல் வளர்ந்த வெறும் வளவு ஒன்று கிடந்தது. "வாப்பா, இதில புள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் வரும் எண்டுதான் சொன்னாங்க. கட்டின கம்பனிட்ட சபை காசும் எடுத்திட்டு" என்றான். அது என்ன காசு என்று தேடிப் பார்த்தேன்.

நூறு வீடு எழுந்தால் நூறு குடும்பம் வரும். பாடசாலையில் இடம் வேண்டும், பாதை வேண்டும், வைத்தியர் வேண்டும். அச்சுமையில் ஒரு பங்கைக் கட்டுபவரே ஏற்க வேண்டும் என்பது அங்குள்ள கொள்கை. உள்ளூராட்சி சபைகள் அதனை இரண்டு வழிகளில் பெறுகின்றன.

முதலாவது, 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தில் 106ஆம் பிரிவின் கீழ் செய்யப்படும் உடன்படிக்கை. கட்டிட அனுமதியோடு சேர்த்துப் பேசித் தீர்க்கப்படுவது. சபை நினைத்ததையெல்லாம் கேட்க ஏலாது. கேட்பது அவசியமானதாகவும், அத்திட்டத்தோடு நேரடித் தொடர்புள்ளதாகவும், அதன் அளவுக்குத் தக்கதாகவும் இருக்க வேண்டும். திடலுக்கென்று வாங்கிய காசை, உடன்படிக்கையை மாற்றாமல், வேறொன்றுக்குச் செலவிடவும் முடியாது.

இரண்டாவது, 2010 முதல் நடைமுறையிலுள்ள சமூக உட்கட்டமைப்பு அறவீடு. இதில் பேரம் பேச்சில்லை. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று முன்பே குறித்த வீதம். எல்லாச் சபைகளும் இதனை அறவிடுவதில்லை. இக்காசு ஒரு வளவோடு கட்டுப்பட்டதல்ல. நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் வரை எடுக்கலாம். கட்டிடம் எழுந்த பகுதிக்கென 15 சதவீதம், ஓர் உச்சவரம்புக்குள், ஒதுக்க வேண்டும். அப்பகுதி மக்கள் தமக்கெனத் திட்டம் தயாரித்து வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தால் அது 25 சதவீதமாகும்.

சிக்கல் செலவிடும்போதுதான் வருகிறது. 106ஆம் பிரிவுக் காசு கட்டம் கட்டமாக வந்து சேரும். பல உடன்படிக்கைகளில் அதற்குத் தவணையும் உண்டு. தவணைக்குள் செலவிடாவிட்டால் கட்டியவருக்கே திருப்பிக் கொடுக்க நேரிடும்.

ஆனால் கணக்கு ஒளிவுமறைவில்லை. காசு பெறும் சபைகள் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் வரவையும் செலவையும் அறிக்கையாக வெளியிட வேண்டும். உடன்படிக்கைகளையும் திட்டமிடல் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். நாங்களும் பார்த்தோம். திடலுக்கான தொகை தொடப்படாமல் கிடந்தது. தவணைக்கு இன்னும் இரண்டு வருடமே இருந்தது.

மகன் அயலவர்களிடம் கையொப்பம் வாங்கிச் சபைக்கு எழுதினான். தவணைத் திகதியை முதல் வரியிலேயே போடச் சொன்னேன். நான் நாடு திரும்பும் வாரத்தில் பதில் வந்தது: அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்களாம்.