ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம்: ஜீடிமெட்லாவில் கேஷ்லெஸ் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

காலை பத்து மணிக்கு மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, “இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிடுகிறார். பையும் கட்டி வைத்தாயிற்று. மாலை ஆறு மணி ஆகியும் கட்டிலை விட்டு நகர முடியவில்லை. “இன்சூரன்ஸ்ல இருந்து அப்ரூவல் வரலை” என்பதுதான் கீழே கவுண்டரில் கிடைக்கும் ஒரே பதில். சென்னை, மதுரை, கோவை எங்கும் இதே கதைதான். ஐதராபாத்தின் வடக்கே, மருந்து, ரசாயனம், பிளாஸ்டிக் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் ஜீடிமெட்லாவில் மட்டும் இதில் கூடுதலாக ஒரு வேடிக்கை உண்டு. அந்த அப்ரூவல் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்று விதி எழுதிய காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் தலைமையகம் இதே நகரத்தின் மேற்கு ஓரத்தில், கச்சிபௌலி பக்கம் இருக்கிறது. விதி பிறந்த ஊரிலேயே அந்த விதி தெரியாமல் வரிசையில் நிற்கிறோம்.

2024 மே 29 அன்று அந்த ஆணையம் உடல்நலக் காப்பீட்டுக்கென ஒரு முதன்மைச் சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, நோயாளி கையில் இருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் வசதி கேட்டு மருத்துவமனை அனுப்பும் முன் அனுமதிக் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்தில் வரும் இறுதிக் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால், அந்தத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியில் இருந்துதான் கொடுக்க வேண்டும். நோயாளியிடம் கேட்கக் கூடாது. சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால், கோரிக்கையை உடனே பைசல் செய்து உடலைத் தாமதமின்றி வெளியே கொண்டுவர ஏற்பாடு செய்வதும் நிறுவனத்தின் பொறுப்பு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? மருத்துவர் ‘போகலாம்’ என்று சொன்ன நேரத்தில் இருந்து அல்ல; மருத்துவமனையின் கோரிக்கை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் இருந்துதான். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி, மருந்துக்கடைக் கணக்கு முடிந்து, கடைசி பில் தயாராகி, டிபிஏ மேசையில் (மருத்துவமனையில் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் மேசை) இருப்பவர் அதைக் கணினியில் ஏற்றும் வரைக்கும் அந்த மூன்று மணி நேரம் தொடங்கவே இல்லை. நாள் முழுக்கக் காத்திருந்தவர்களில் பலர் காப்பீட்டு நிறுவனத்தைத் திட்டுகிறார்கள்; பில் அதுவரை மருத்துவமனையை விட்டே கிளம்பாமல் இருந்திருக்கும். வேறு சில சமயம் நிறுவனம் ஒரு ‘குவெரி’ எழுப்பியிருக்கும். அதாவது, ஒரு பழைய ஸ்கேன் அறிக்கையோ மருத்துவரின் விளக்கமோ வேண்டும் என்று சொல்லியிருக்கும். அது டிபிஏ மேசையிலேயே பதிலில்லாமல் கிடக்கும்.

ஆகவே கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி “அப்ரூவல் வந்ததா?” என்பதல்ல. “எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள், கிளைம் எண் என்ன, குவெரி ஏதாவது வந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். கிளைம் எண் கைக்கு வந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ நீங்களே நிலவரம் பார்க்கலாம். இந்த மின்னணுப் பரிமாற்றம் முழுக்க மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் இடையில்தான் நடக்கிறது. பணம் போட்டவர் அதில் பார்வையாளர். இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான் என்பேன். தேசிய சுகாதார ஆணையம் உருவாக்கியிருக்கும் உடல்நலக் கோரிக்கைப் பரிமாற்றகம் எல்லா மருத்துவமனைகளையும் நிறுவனங்களையும் ஒரே படிவத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. அது பரவலானால் வேகம் கூடும். அதோடு சேர்த்துப் பேசப்படும் 14 இலக்க ஆபா எண்ணைப் பலர் காப்பீடு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது மருத்துவப் பதிவுகளை இணைக்கும் அடையாள எண், அவ்வளவுதான். அதைக் காட்டினால் பில் குறையாது.

ஜீடிமெட்லா மாதிரித் தொழிற்பேட்டையில் கவுண்டருக்குப் போவதற்கும் முன்னால் தீர்க்க வேண்டியது, கையில் இருப்பது எந்த அட்டை என்பது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பார். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவரிடம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அவருக்கான பெரிய மருத்துவமனை சனத்நகரில் இருக்கிறது. அங்கிருந்து பரிந்துரை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனால் பணம் கட்ட வேண்டியதில்லை. அவசரம் தவிர, பரிந்துரை இல்லாமல் நேரே போய்ப் படுத்துவிட்டால் பில் பெரும்பாலும் தன் தலையில்தான். ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர்கள் தங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. தொகை உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்துவிட வேண்டும்.

சம்பளம் உயர்ந்து அந்த வரம்பைத் தாண்டியவர்கள் கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டை நம்பியிருக்கிறார்கள். வேலை போனால் அதுவும் போகும். இன்னொன்று அரசு அட்டை: தெலங்கானா அரசின் இலவச மருத்துவத் திட்டமான ஆரோக்யஸ்ரீ 2007இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தொடங்கியது. 2023 டிசம்பரில் குடும்பத்துக்கான வரம்பு 10 லட்சம் ரூபாயானது. அது அந்த மாநிலத்தின் தகுதியுள்ள குடும்பங்களுக்கானது. தமிழகத்தில் இருந்து அங்கே வேலைக்குப் போனவர் ஊரில் வாங்கிய முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி அதைக் கேட்க முடியாது. தனியார் பாலிசி என்றால் எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் இந்தியா முழுக்கச் செல்லும்.

சுசித்ரா சந்திப்பை ஒட்டி ஓடும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் அடிபட்டவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு அதற்கென்று குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணமில்லாச் சிகிச்சை உண்டு. காப்பீடு வைத்திருக்கிறாரா என்ற கேள்வியே இதில் இல்லை.

இனி, மக்கள் அதிகம் ஏமாறும் இடத்துக்கு வருவோம். அப்ரூவல் வந்தது, ஆனாலும் அறுபதாயிரம் கட்டச் சொல்கிறார்கள். ஏன்? அநேகமாக அறை வாடகைதான் காரணம். பாலிசியில் அறைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை. கூடுதல் மூவாயிரத்தைக் கட்டினால் போதும் என்றுதான் நினைப்போம். ஆனால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் நிறுவனம் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில்தான் தரும். அவை 1,60,000 ரூபாய் என்றால் ஒரு லட்சம்தான் வரும், மீதி 60,000 நம் பொறுப்பு. அறை கேட்கும்போதே வரம்பைச் சொல்லி, அதற்குள் அடங்கும் அறையைக் கேட்பதுதான் ஒரே தற்காப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மருந்து, உடம்புக்குள் பொருத்தும் கருவி, பரிசோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றுக்கு இந்த விகிதக் கழிவு பொருந்தாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் பொருந்தாது. அவற்றிலும் வெட்டியிருந்தால் எதிர்த்துக் கேளுங்கள்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் பதற வேண்டாம். அது கிளைம் மறுக்கப்பட்டதாக ஆகாது. பில்லைக் கட்டிவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அதற்கு அசல் பில்கள், தனித்தனியாகப் பிரித்த கணக்கு, ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை அறிக்கைகள், ஸ்டென்ட் போன்றவை வைத்திருந்தால் அவற்றின் ஸ்டிக்கர், எல்லாம் வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம்: 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்; அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

எல்லாம் போன் வழியாக வந்த பிறகு ஆபத்தும் போன் வழியாகவே வருகிறது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் வழியாக வெளியே கசிந்தன; நிறுவனம் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போனது. பாலிசி எண்ணும் நோயின் பெயரும் சரியாகச் சொல்லி ஒருவர் அழைக்கிறார் என்பதற்காக அவர் நிறுவனத்து ஆள் ஆகிவிட மாட்டார். கிளைம் பணம் அனுப்ப ஓடிபி தேவையில்லை, வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பும் தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். மருத்துவமனையிலும் நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் என்று நீட்டுவார்கள்தான், இரண்டு நிமிடம் படிப்பதால் சிகிச்சை நின்றுவிடாது.

கிளைம் முழுதாகவே மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்த விதிப்படி என்று நிறுவனம் எழுத்தில் சொல்ல வேண்டும். அதன் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கவும் கூடாது. “பழைய நோயை மறைத்துவிட்டீர்கள்” என்பதுதான் வழக்கமாக வரும் காரணம். பாலிசி விடாமல் 60 மாதங்கள் ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய அந்தக் காரணம் செல்லாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார்த் தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஜீடிமெட்லாவில் வசிப்பவருக்கு அந்த அலுவலகம் லக்டிகாபூலில். தமிழகத்தில் இருப்பவருக்குச் சென்னை அண்ணா சாலையில். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். மனுவை இணையத்திலும் கொடுக்கலாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் மனுவை ஏற்க மாட்டார். ஆகவே வரிசை முக்கியம். மருத்துவமனை கூடுதலாக வசூலித்தது என்ற புகாரும் அவரிடம் செல்லாது; அதற்கு நுகர்வோர் ஆணையம்தான்.

ஆம்புட்ஸ்மேனிடம் மனுக் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்தின் கடைசிப் பதில் கிடைத்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிடுங்கள்.