போர் இல்லை, உறவும் இல்லை

ஊரில் ஒருவர் தன் வீட்டு ஆட்களைக் கொடுமை செய்கிறார். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் சொல்லிப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் கொடுக்கல் வாங்கலை நிறுத்துவார்கள். பஞ்சாயத்தைக் கூட்டுவார்கள். நாடுகளும் இப்படிச் செய்வது உண்டு.

தூதர் யார்?

ஒரு நாடு தன் சார்பில் பேச மற்ற நாட்டுக்கு ஒருவரை அனுப்புகிறது. அவரே தூதர். அவருடைய அலுவலகம் தூதரகம். தூதரைத் திரும்ப அழைத்தால், "உங்கள் செயல் எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று பொருள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது என்ன?

1860-ஆம் ஆண்டு முதல் இந்தியர்கள் கப்பலேறித் தென்னாப்பிரிக்கா சென்றார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அங்கே வெள்ளையர் ஆட்சி நடந்தது. கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் சம உரிமை இல்லை. அதை எதிர்த்துக் காந்தியடிகள் அங்கே போராடினார். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றார்.

1946-இல் அங்கே ஒரு புதிய சட்டம் வந்தது. இந்தியர்கள் நினைத்த இடத்தில் நிலம் வாங்க முடியாது, குடியிருக்கவும் முடியாது. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. பயன் இல்லை. தூதரைத் திரும்ப அழைத்தது. வியாபாரத்தையும் நிறுத்தியது. இப்படிச் செய்த முதல் நாடு இந்தியாதான்.

இதனால் இந்தியாவுக்கும் நட்டம் வந்தது. அப்போது வெளிநாடுகளுக்கு 100 ரூபாய்ச் சரக்கு போனால், சுமார் 5 ரூபாய்ச் சரக்கு தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்த வருமானம் நின்றது.

உலகப் பஞ்சாயத்து

அதே ஆண்டு ஐ.நா. சபையில் இந்தியா முறையிட்டது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். "இது எங்கள் உள்நாட்டு விஷயம்" என்றது தென்னாப்பிரிக்கா. ஆனாலும் 32 நாடுகள் இந்தியாவின் பக்கம் நின்றன. 15 நாடுகள் எதிர்த்தன.

கொடுமை நிற்கவில்லை. 1948-க்குப் பிறகு நிறவெறியே அரசின் கொள்கை ஆனது. 1954-இல் இந்தியா தூதரகத்தையே மூடியது. அங்குள்ள இந்தியர்களுக்காக நேரில் பேச ஆள் இல்லாமல் போனது. இதுவும் ஒரு இழப்புதான்.

1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதி ஆட்டம் வந்தது. எதிர் அணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை கை நழுவியது.

கடைசியில்?

பல நாடுகள் நெடுங்காலம் அந்த அரசோடு வியாபாரம் செய்தன. பிறகு அவையும் ஒவ்வொன்றாகத் தடை விதித்தன. உள்நாட்டில் மக்கள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். 27 ஆண்டு சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா 1990-இல் விடுதலை ஆனார். 1993-இல் இந்தியா மீண்டும் உறவு கொண்டது. 1994-இல் எல்லா நிறத்தவரும் ஓட்டுப் போட்டார்கள். மண்டேலா குடியரசுத் தலைவர் ஆனார்.

வெற்றி அந்த மக்களுடையது. ஆனால் அவர்கள் தனியாக இல்லை. 47 ஆண்டுகள் இந்தியா அவர்கள் பக்கம் நின்றது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை.