ஓடும் காரில் முதலாம் கியர்

லாச்சப்பலில் ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும் விவாதங்களுக்கு யாரும் முன்கூட்டித் தலைப்பு அறிவிப்பதில்லை. சில வாரங்களுக்கு முன் ஃபோபூர் சென் தெனி வீதியில் ஒரு தேநீர்க்கடையில் தேசிய இனப்பிரச்சினையில் தொடங்கிய பேச்சு, எப்படியோ கியர்பொக்ஸில் வந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கயர் கார் ஓடிய பெரியவர் ஒருவர், "ஓடிக்கொண்டிருக்கேக்கை ஃபெஸ்ற் கியர் போட்டால் கியர்பொக்ஸ் போகும். அது நிண்டாப் பிறகு போடுற கியர்" என்றார். பொதி விநியோக வான் ஓடும் இளைஞர் ஒருவர், "ஐயா, நான் ஒவ்வொருநாளும் போடுறன், ஒண்டும் நடக்கேல்லை" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "சேர், நீங்கள் பௌதிகம் படிப்பிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோ."

அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடிய நாலு மணிக்கு வேலை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பின்நவீனத்துவமும் தேசியமும் அலசப்படும் இப்பக்கங்களில் கியர் பற்றி எழுதுவது சில நண்பர்களுக்கு உவப்பாக இராது என்பது தெரியும். ஆனால் இங்கு எம்மில் பலருடைய வேலை, ஆகவே வீட்டு வாடகை, ஆகவே ஏஜென்சிக்காரனுக்கு வாங்கிய கடன், எல்லாமே ஒரு 'பெர்மி'யில்தான் தொங்குகின்றன. தொழிற்சாலைகள் பாரிசுக்கு வெளியே இருக்கின்றன. முதல் றெயில் வருவதற்கு முன்னர் அங்கே வேலை தொடங்கிவிடுகிறது.

நான் 2011இல் ஓட்டப் பரீட்சையில் தோற்றதே இந்த முதலாம் கியரால்தான். சிறு ஏற்றமொன்றின் உச்சியில் ஒரு சந்தி. இரண்டாம் கியரில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தேன். பாதசாரி ஒருவர் கடந்துகொண்டிருந்தார். கார் முற்றாக நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. "நின்றால்தான் முதலாம் கியர்" என்று ஊரில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டிலேயே இழுக்கப் பார்த்தேன். இஞ்சின் நின்றது, கார் பின்னோக்கி வழுகியது, பரீட்சகர் தன் பக்கத்துப் பிறேக்கை மிதித்தார். அவர் பிறேக்கில் கால் வைத்தால் பரீட்சை முடிந்தது. மறுபடி பரீட்சைக்குத் திகதி கிடைக்கும்வரை, இரவுப் பேருந்தைப் பிடிக்க கார் து லெஸ்ற்வரை மாதக்கணக்கில் நடந்தேன். நிரந்தரமாக்குவதாகச் சொல்லப்பட்ட ஒரு வேலையும் அதற்குள் கைநழுவியது.

சரி, பௌதிகத்திற்கு வருவோம். ஒரு சாதாரணச் சிறிய காரின் சில்லு ஒருமுறை சுழன்றால் கார் ஏறக்குறைய 1.9 மீற்றர் நகரும். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 88 சுற்றுகள். முதலாம் கியரில் சில்லு ஒருமுறை சுழல இஞ்சின் சுமார் 15 முறை சுழலவேண்டும், இரண்டாம் கியரில் சுமார் 8 முறை. ஆக, அந்த வேகத்தில் முதலாம் கியரில் இஞ்சின் 1300 சுற்றளவில் சௌகரியமாக ஓடும். இரண்டாம் கியரில் 700 சுற்று. இது இஞ்சின் சும்மா நின்று உறுமும் வேகத்திலும் குறைவு. அதுதான் எனக்குச் சந்தியில் நடந்தது.

இதே கணக்கை 30 கிலோமீற்றருக்குப் போட்டால் இரண்டாம் கியரில் 2100, முதலாம் கியரில் ஏறக்குறைய 4000. ஐம்பதில் முதலாம் கியர் 6500ஐத் தாண்டும். பெரும்பாலான இஞ்சின்களுக்கு அது சிவப்புக்கோடு. டீசல் என்றால் அதற்கு வெகுமுன்னரே. இந்த நிலையில் கிளச்சை விட்டால் சில்லுகள் இஞ்சினைப் பலாத்காரமாகச் சுழற்றும். இஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாடு எரிபொருளைத்தான் நிறுத்தலாம், சில்லை நிறுத்த அதனால் முடியாது. வால்வு வளையலாம். ஈரவீதியில் முன்சில்லுகள் பிடிவிட்டு வழுக்கலாம். பெரியவரின் பயத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் அவர் சொன்னது இதையல்ல. அவர் சொன்னது பற்சில்லுகள் அரைபடும் சத்தத்தை. கிளச்சை மிதித்திருக்கும்போது இஞ்சின் விலகிவிடுகிறது. கிளச்சுத் தட்டும் அதனோடு சேர்ந்த தண்டும் மட்டும் கியர்பொக்ஸின் பக்கம் மிஞ்சி நிற்கின்றன. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கும்போது இந்தத் தண்டின் சுழற்சி ஏறக்குறைய இரண்டு மடங்காகவேண்டும். அதை யார் முடுக்குவது? இன்றைய கியர்பொக்ஸில் 'சிங்குறோ' என்ற சிறிய கூம்பு வளையம் அதைச் செய்கிறது. உராய்வினால் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்திய பின்னரே பற்களைப் பூட்ட விடுகிறது. நாலிலிருந்து மூன்றுக்கு வருவதைவிட இங்கு ஏற்றவேண்டிய வேகவித்தியாசம் அதிகம். சடத்துவத் திருப்பம் அதே. வேண்டிய சக்தியோ பலமடங்கு. அதனால்தான் கைத்தடி ஒருகணம் மறுக்கிறது. அந்த மறுப்பு பழுதல்ல, வளையம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டு இடிக்காமல் மெல்ல அழுத்திக்கொண்டிருந்தால் தானே உள்ளே போகும்.

இந்த வளையத்தை 1928இல் அமெரிக்கக் கடிலாக் கார்கள் அறிமுகப்படுத்தின. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு அது மேல் கியர்களுக்கு மட்டுமே கிடைத்தது. முதலாம் கியரை நின்ற நிலையில்தானே போடுவார்கள், அதற்கு ஏன் செலவு என்பது தயாரிப்பாளரின் கணக்கு. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், உற்பத்தி நின்ற 1971வரைக்கும் முதலாம் கியரில் சிங்குறோ இல்லாமலேயே இருந்தது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் அப்படித்தான். 1990வரை உற்பத்தியான பிரான்சின் சித்றோன் டு-செவோவும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை மைனரும் ஒஸ்ரினும்தாம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் அவை மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கிக்கொண்டு, கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஏற்றி ஓடின. அழுத்த விகிதம் குறைந்த பழைய இஞ்சின்கள் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. உதிரிப்பாகம் கிடைக்காத அந்த நாளில் ஒரு பற்சில்லு உடைந்தால் அந்தக் கார் படுத்ததுதான், அதன் சாரதியின் அடுப்பும் படுத்ததுதான். பெரியவரின் விதி அங்கே பிறந்தது. இன்னொன்றும் உண்டு: குடாநாடு மட்டமான தரை. கீரிமலையிலும் மலை இல்லை. ஓடும்போது முதலாம் கியருக்கு இறங்கவேண்டிய தேவையே அங்கு சாரதிக்கு வருவதில்லை. மலையகத்துப் பழைய லொறிக்காரரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்: கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு வந்து, கிளச்சை விட்டு, அக்சிலேற்றரை ஒரு உறுக்கு உறுக்கி, மறுபடி மிதித்துப் போடும் இரட்டைக் கிளச்சு. வளையம் செய்வதைக் காலால் செய்யும் வித்தை அது.

ஒரு விதி, தான் பிறந்த காரணத்தை ஊரில் விட்டுவிட்டு எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. (இதைவிட வேறு விதிகளும் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி இச்சஞ்சிகையில் மற்றவர்கள் எழுதுகிறார்கள்.)

கியர்பொக்ஸின் பிறந்த வீடும் இந்த நகரம்தான் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. 13ஆம் வட்டாரத்தில் அவெனியூ திவ்றியில் இருந்த பனார் லெவசோர் தொழிற்சாலையில் 1891இல் எமில் லெவசோர் அமைத்த ஒழுங்குதான், இஞ்சின் முன்னால், பின்னால் கிளச்சு, அதற்குப் பின்னால் வழுக்கிப் பொருந்தும் பற்சில்லுகள் என்று உலகெங்கும் பரவியது. அது முரட்டுப் பொறிதான், ஆனாலும் வேலை செய்கிறது என்று அவரே சொன்னதாக ஒரு கதை உண்டு. பின்னாளில் அதே சுற்றுவட்டாரத்தில் இந்தோசீன அகதிகள் குடியேறினார்கள். லாச்சப்பலுக்கு இன்னும் கிட்டிய கதை மொன்மார்த்தில் நடந்தது. 1898 டிசம்பர் 24 இரவு, லூயி றெனோ என்ற 21 வயது இளைஞர் தானே செய்த சிறு காரில் லெப்பிக் வீதியின் 13 சதவீத ஏற்றத்தில் ஏறிக்காட்டி, அன்றிரவே 12 கார்களுக்கு ஓடர் எடுத்தார். மூன்று கியர் கொண்ட பெட்டி அது. மேல் கியரில் பற்சில்லுகளின் இடையீடின்றி நேரே சக்தி போகும் அமைப்பு. ஆனால் ஏற்றத்தை ஏற்றியது அந்தப் புதுமையல்ல, கீழ்க் கியர்தான் என்று நான் நினைக்கிறேன். புகழ் மேல் கியருக்குப் போயிற்று.

ஆக, எப்போது இறக்குவது? நடைவேகத்துக்குக் குறைந்து, ஆனால் நிற்காமல், மறுபடி இழுக்கவேண்டிய வேளையில். 2021 ஓகஸ்ட் முதல் பாரிஸ் வீதிகளில் பெரும்பாலானவற்றில் 30 கிலோமீற்றர்தான் எல்லை. பிள்ளையார் தேர் நாளில் மார்க்ஸ் டோர்முவாப் பக்கம் அகப்பட்டால் அதில் பத்திலொன்றும் கிடைக்காது. அப்போது இரண்டாம் கியரில் பாதிக் கிளச்சை மிதித்துக்கொண்டு ஊர்பவர்கள்தான் எம்மவரில் அதிகம். கருகல் மணம் வந்தால் அது கிளச்சுத் தட்டின் மணம். கியர்பொக்ஸைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கிளச்சைத் தின்கிறோம். பாதாளத் தரிப்பிடத்தின் செங்குத்து இறக்கத்திலும் முதலாம் கியர் நல்லது. இஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிறேக் சூடாகாது. 20 கிலோமீற்றருக்கு மேல் எனக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. கிளச்சை மிதித்ததும் அக்சிலேற்றரைச் சற்றுத் தொட்டு, பிறகு கிளச்சை மெல்ல விட்டால் குலுக்கமே இல்லை.

கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை வாசித்த நண்பர், "விரிவுரையாளர் தொழிற்சாலைக்கு இறங்கின கதையைத்தான் எழுதியிருக்கிறியள்" என்றார். இல்லை. நான் கியரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிறு பெரியவரைக் கண்டு இதையெல்லாம் சொன்னேன். கணக்குகளைப் பொறுமையாகக் கேட்டார். "அப்ப மைனரிலை?" என்றார்.

"மைனரிலை நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன்.

"அதைத்தானே நானும் சொன்னனான்" என்று இன்னொரு தேநீருக்குச் சொன்னார்.