பறைக்குக் கூலி சாராயம்: கம்பம் பள்ளத்தாக்கில் ‘மரபு’ யாருடையது?

சுருளி அருவியில் சுற்றுலாத் துறை நடத்தும் சாரல் விழாவில் கிராமியக் கலைகள் மேடையேறுகின்றன. அருவிக்குச் செல்லும் வழியில் சுருளிப்பட்டியின் திராட்சைப் பந்தல்களுக்குக் கீழே பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பழமும் சாறும் வாங்கிச் செல்கின்றனர். இசை, நாடகம், பானம் மூன்றையும் ஒரே மூச்சில் ‘மலையடிவார மரபு’ என்று அழைத்துவிடுவது எளிது. இம்மூன்றையும் இங்கே நீண்ட காலம் பிணைத்து வைத்திருந்தது சாதி என்பது மட்டும் அந்தச் சொல்லில் ஒலிப்பதில்லை.

பறையை எடுத்துக்கொள்வோம். தென்மாவட்டங்களில் ‘தப்பு’ என்றும் அழைக்கப்படும் இக்கருவியை நெருப்பில் காய்ச்சிச் சுதி ஏற்றி, குட்டையான குச்சி ஒன்றாலும் நீண்ட மூங்கில் சிம்பு ஒன்றாலும் அடிப்பார்கள். ஒவ்வொரு சடங்குக்கும் தனி அடி உண்டு. இத்தனை நுட்பம் கொண்ட கலை, ஊருக்குள் கலையாக அல்ல, கடமையாகவே கருதப்பட்டது. ஆதிக்கச் சாதி வீட்டில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும், மறுக்க முடியாது. கூலியாகக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போட்ட தானியமும், சாவு வீட்டில் ஊற்றிக் கொடுத்த கள்ளும் சாராயமும்தான். பறையடிப்பவர் குடிகாரர் என்று ஏளனம் பேசும் அதே ஊர்தான் அவருக்குப் பணத்துக்குப் பதில் குடியைக் கொடுத்தது. எனவே குடியை அக்கலைஞரின் ‘மரபு’ என்று எழுதுவது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். அது அவருடைய ஊதியத்தின் வடிவம். விலை குறைந்த, மறுநாளே மறைந்துவிடும் வடிவம்.

1990களில் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தபோது இந்த ஏற்பாடு முழுவதையும் மறுத்தார்கள். அதே காலத்தில் மற்றொரு பாதையும் திறந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு போன்றோரின் முயற்சியும், கே. ஏ. குணசேகரனின் பாடலும் நாடகமும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் எடுத்த பறையும் அக்கருவியை விடுதலையின் ஒலியாக மாற்றின. ‘தூக்கி எறி’ என்பதா, ‘உயர்த்திப் பிடி’ என்பதா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. என் பார்வையில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல: மறுக்கும் உரிமை உறுதியான பிறகே வாசிப்பது கலையாகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஶ்ரீ அறிவிக்கப்பட்டது பெருமைதான். ஆயினும் 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்த வேண்டியிருந்தது என்பதையும் அதன் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். கட்டாயப்படுத்திப் பறையடிக்க வைப்பவர்களைச் சட்டமும் விட்டுவிடவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு கட்டாய உழைப்பை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. அடுத்த உட்பிரிவு பிணம் சுமக்கவும் குழி தோண்டவும் வற்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது.

சாவு வீட்டில் ஊற்றப்பட்ட அந்தக் கள்ளின் கதை தனி. 1987 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2003இல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறிக் குமுளியைக் கடந்தால், அதே கள் கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் மீன் குழம்போடு சுற்றுலாப் பயணிக்குப் பரிமாறப்படுகிறது. கீழே குற்றம், மேலே பண்பாடு. கள்ளுக்குத் தடை நீங்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கலாம். ஆனால் அது முதன்மையாக மரம் ஏறுவோரின், தோப்பு வைத்திருப்போரின் கோரிக்கை. கூலிக்குப் பதில் குடியைப் பெற்றவரின் வரலாற்றை அதற்குத் துணைச் சான்றாக இழுத்துக்கொள்வது சரியல்ல.

நாடகத்துக்கு வருவோம். மதுரை, தேனி வட்டாரத் திருவிழாக்களில் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகங்கள் விடிய விடிய நடக்கும். அவற்றுள் அரிச்சந்திர மயான காண்டம் கூட்டத்தை அழ வைப்பது. அரசன் சுடலை காப்பவனிடம் அடிமையாகி, தன் மகனின் பிணத்துக்கே வாய்க்கரிசியும் முழத்துண்டும் கால்பணமும் கேட்டு நிற்கிறான். ஊர் எதற்காக அழுகிறது? அரசன் வெட்டியான் வேலை செய்ய நேர்ந்ததற்காக. அந்த வேலைக்கென்றே பிறந்தவனாகக் கருதப்படுபவன் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து அதே காட்சியைப் பார்க்கிறான். அவனுக்காக எந்தக் காண்டமும் பாடப்படுவதில்லை. அரிச்சந்திரனுக்கு நாடக முடிவில் அரசு திரும்பக் கிடைத்துவிடுகிறது.

ஊர்த் திருவிழாவுக்கு வெளியேயும் இப்பள்ளத்தாக்கில் இசை வளர்ந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு மலையேறியது. தம்பி இளையராஜா சேர்ந்தது அக்குழுவில்தான். மலையில் அப்பாடல்களைக் கேட்ட தேயிலைத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சமவெளியிலிருந்து கங்காணிகளால் கூட்டிச் செல்லப்பட்ட தலித் குடும்பத்தினர். அவர்கள் பறித்த இலை தூளாகிக் கீழே இறங்கி வந்தபோது, தென்மாவட்டத் தேநீர்க் கடைகள் பலவற்றில் அவர்களுடைய உறவினருக்குத் தனிக் குவளை காத்திருந்தது. குடிக்கும் பொருளுக்கு இல்லாத தீட்டு பாத்திரத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டவர்கள் அடிபட்டார்கள்.

இறுதியாகத் திராட்சை. முல்லைப் பெரியாறு நீரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்றும் சேர்ந்து ஆண்டு முழுவதும் காய்க்க வைக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழச்சாறும் ஒயினும் இனி இப்பெயரில் மதிப்புக் கூடும். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்ற சொல்லுக்குள் விளைவிப்பவரையும், பதப்படுத்திப் பொதி கட்டுபவரையும், அப்பொருளில் வணிகம் செய்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. கவாத்து செய்து, கொத்துகளைச் சீர்திருத்தி, கூடையில் அடுக்கும் நிலமற்ற தொழிலாளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குறியீட்டால் கூடும் விலையில் அவர்களுடைய நாள்கூலிக்குப் பங்கு வேண்டும் என்பதைச் சுருளிப்பட்டித் தோட்டங்களிலிருந்தே இப்போது எழுப்பலாம்.