ஊட்டி மேகத்தில் 130 கோடி வோல்ட், தெரியுமா?

ஈயத்தைப் பொன்னாக்கிவிட்டார்கள், தெரியுமா? நம் சித்தர்கள் ரசவாதம் என்று எதைத் தேடினார்களோ, அதேதான்! நடந்த இடம் ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் ஆய்வகத்தின் வளையம். ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள், தங்கத்தில் 79. மூன்றைக் கழற்றினால் போதும். கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் எதிரெதிரே பாயும் ஈயக் கருக்கள் முட்டிக்கொள்ளக்கூட வேண்டாம். உரசாமல் ஒன்றையொன்று கடக்கும்போதே, ஒன்றின் மின்காந்தப் புலம் மற்றதிலிருந்து மூன்று புரோட்டான்களை உதிர்த்துவிடுகிறது. 2015 முதல் 2018 வரை இப்படிப் பிறந்த தங்கக் கருக்கள் 8,600 கோடி என்று 2025-இல் அங்குள்ள ஆலிஸ் ஆய்வுக்குழு கணக்குச் சொன்னது. எடை? ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் 29 பங்கு. அதுவும் பிறந்த கணமே சிதறிவிடும். குந்துமணித் தங்கம்கூடத் தேறாதுதான். ஆனாலும் ஈயம் பொன்னானது நிஜம்!

அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்த சேதி நம் ஊட்டியிலிருந்து வந்தது.

உள்ளங்கையை வானம் பார்க்க விரியுங்கள். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான் என்னும் துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது, இந்த வரியைப் படிக்கும்போதும்! விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறக்கிற துகள் அது. ஆயுள், ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் இரண்டு பங்கு சொச்சம். அதற்குள் ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் போக முடியும். பிறகு எப்படிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இறங்கி நம் கைக்கு வந்து சேர்கிறது? ஐன்ஸ்டைன் சொன்னது நினைவிருக்கிறதா? வேகமாக ஓடுகிறவனின் கடிகாரம், நின்று பார்க்கிறவன் கணக்கில் மெதுவாக நடக்கும். மியூவானின் கடிகாரம் மெதுவாக நடப்பதால்தான் அது தரையைத் தொடுகிறது. சார்பியல் தத்துவத்துக்கு நம் உள்ளங்கையிலேயே நொடிக்கொரு சாட்சி!

இந்த மியூவான்களை இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் நடத்துவது. இடி மழை வந்தால் எண்ணிக்கை லேசாக மாறும். மியூவானுக்கு மின்னூட்டம் உண்டல்லவா, மேகத்துக்குள் இருக்கும் மின்புலம் அதைத் தள்ளும், இழுக்கும். அப்படியானால் எண்ணிக்கை எவ்வளவு மாறியது என்று பார்த்து, மேகத்தின் வோல்ட்டேஜைக் கணக்கிட முடியுமே! 2011 ஏப்ரல் தொடங்கி 184 இடிமழைகளை இப்படி அளந்தார்கள். 2014 டிசம்பர் 1 அன்று வந்த மேகம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது: 130 கோடி வோல்ட்! நம் வீட்டு ஸ்விட்சில் இருப்பது 230. மேகம் இருந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து 11.4 கிலோமீட்டர், பரப்பு குறைந்தது 380 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426-தான். அந்த வோல்ட்டேஜை எட்ட அதற்கு ஆனது ஆறே நிமிடம். அதற்கான மின்திறனைக் கணக்கிட்டால் 2,000 மெகாவாட்டுக்குக் குறையாது, கூடங்குளத்தின் முதலிரண்டு உலைகளும் முழு வேகத்தில் ஓடித் தருகிற அளவு! மேகங்கள் நூறு கோடி வோல்ட்டை எட்டலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1929-இலேயே சொல்லியிருந்தார். பலூன் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு அதில் பத்திலொரு பங்குக்குச் சற்று மேலேதான் கிடைத்தது. பலூன் மேகத்தில் ஒரு கோடு கிழித்துப் பார்க்கும். மியூவான் மழையோ மொத்த மேகத்தையும் சல்லடையாகத் துளைத்துப் பார்க்கிறது. ஊட்டிக் கணக்கு 2019-இல் அச்சேறியது. அந்த டிசம்பர் நாளில் ஊட்டியில் குடை பிடித்து நடந்தவர்களுக்குத் தலைக்கு மேல் என்ன போகிறதென்று தெரிந்திருக்குமா!

எகிப்தில் 4,500 வயதான கூஃபு பிரமிடுக்குள், ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல், ஒன்பது மீட்டர் நீளமுள்ள மறைவான நடைபாதை இருப்பதை 2023-இல் உறுதிசெய்ததும் இதே மியூவான்களை வைத்துத்தான்.

சரி, துகள்களை விடுங்கள். ஐந்தே ஐந்து நிலைகள் உள்ள ஒரு பொம்மைக் கணினி அதிகபட்சம் எத்தனை அடி எடுத்துவைத்த பிறகு நிற்கும், தெரியுமா? முடிவில்லாத ஒரு நாடா, அதில் எல்லாம் பூஜ்யம். கணினி ஒரு கட்டத்தைப் படிக்கும், பூஜ்யமோ ஒன்றோ எழுதும், இடமோ வலமோ நகரும், அடுத்த நிலைக்கு மாறும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. 1962-இல் கணிதவியலாளர் திபோர் ராடோ கேட்ட கேள்வி இது. 'பிஸி பீவர்' என்று பெயர். இரண்டு நிலைகள் என்றால் 6 அடி. மூன்றுக்கு 21. நான்குக்கு 107. ஐந்துக்கு? 4,71,76,870!

இந்த எண்ணைத் தொடும் கணினியை மார்க்ஸன், புன்ட்ராக் என்ற இருவர் 1989-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இதையும் மிஞ்சி ஓடி நிற்கிற இன்னொன்று எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து நிலைக் கணினிகள் மொத்தம் 16 லட்சம் கோடிக்கு மேல். நிற்காதவை ஒருபோதும் நிற்காது என்று நிரூபித்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வழி கிடையவே கிடையாது என்று கணிதவியலாளர் டூரிங் 1936-இல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 2022-இல் இணையத்தில் கூடிய ஒரு கூட்டம் இதில் இறங்கியது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர்கள் அதில் நிறைய. இரண்டே ஆண்டில் முடித்தார்கள். வரிக்கு வரி கணினி சரிபார்க்கும்படி அந்த நிரூபணத்தை எழுதி முடித்தவரோ புனைபெயரில் உலவும், முகம் காட்டாத ஒருவர்! ஆறு நிலைக்கு விடை என்ன? பத்தின் அடுக்குப் பத்து, அதன் அடுக்குப் பத்து என்று 15 மாடி கட்டினாலும் போதாது என்று 2022-இல் தெரிந்தது. 2025-இல் அதையும் தாண்டிவிட்டார்கள். அந்த எண்ணை எழுதப் பிரபஞ்சத்தில் இடம் இல்லை.

இடம் என்றதும் இன்னொன்று. கணினிக் கோட்பாட்டில் ஸ்டீபன் குக் பெரிய பெயர். ஒரு கணக்கை முன்வைத்து, அதற்கு நிறைய நினைவகம் வேண்டும் என்று நிரூபிக்க அவரும் தோழர்களும் முயன்றார்கள். அவர்கள் எதிர்பார்த்ததைப் பொய்யாக்குகிறவருக்கு 100 டாலர் பரிசு. அதை வென்றவர் யார் தெரியுமா? அவர் மகன் ஜேம்ஸ் குக், கூட்டாளி இயன் மெர்ட்ஸோடு! பரண் முழுக்கச் சாமான் அடைத்திருக்கிறது என்று வையுங்கள். எதையும் வெளியேற்றாமல், அதே பரணை நம் வேலைக்கும் பயன்படுத்தி, கடைசியில் எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிடலாம் என்பதுதான் அவர்களின் வழி. இதை எடுத்துக்கொண்டு எம்.ஐ.டி.யின் ரயன் வில்லியம்ஸ் 2025-இல் காட்டியது பெரிய பாய்ச்சல். எவ்வளவு நேரம் ஓடுகிற கணக்கானாலும், கிட்டத்தட்ட அந்த நேரத்தின் வர்க்கமூலம் அளவு நினைவகம் போதும்! 1975-க்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் அசையாமல் கிடந்த கேள்வி அது.

மருத்துவத்துக்கு வருவோம். அணுகுண்டுத் திட்டத்துக்காக எழுந்த அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய எலிகளை வளர்த்தார்கள். 1940-களில் அங்கே சில ஆண் குட்டிகள் தோல் உரிந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களில் செத்தன. கதிர்வீச்சால் வந்தது அல்ல, தானாக வந்த மரபணுப் பிழை. காரணம் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு ஆனது. மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் 17 கோடி டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள எக்ஸ் குரோமோசோமில் தேடி, ஐந்து லட்சத்துக்கு ஒடுக்கி, அதிலிருந்த 20 ஜீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பத்தொன்பது ஒழுங்காக இருந்தன. இருபதாவதில் இருந்தது கோளாறு, கூடுதலாக நுழைந்த இரண்டே எழுத்து! நம் எதிர்ப்பு அணுக்கள் நம்மையே தாக்காமல் காவல் காக்கும் செல்களை ஆள்வது அந்த ஜீன்தான் என்பது பிறகு தெரிந்தது. 2025-க்கான மருத்துவ நோபல், ஷிமோன் சகாகுச்சியோடு சேர்த்து, இவர்களுக்கு.

அங்கே இரண்டு எழுத்து. பிலடெல்பியாவில் 2024 ஆகஸ்டில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, ஒரே எழுத்து. புரதம் செரித்தபின் மிஞ்சும் அம்மோனியாவை அவன் கல்லீரலால் வெளியேற்ற முடியவில்லை. 13 லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய். இதோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் சிசுப் பருவத்தைத் தாண்டுவதில்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த பிழைகளில் ஒன்றைச் சரிசெய்தாலே கல்லீரல் வேலை செய்யும். டாக்டர் ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸும் கிரண் முசுனூருவும் அந்த ஒரு எழுத்தை மட்டும் தேடிப் போய்த் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் செய்தார்கள். கொழுப்புத் துளிகளில் பொதிந்து, 2025 பிப்ரவரியில் முதல் ஊசி. பிறகு இரண்டு. அவனால் முன்பைவிடக் கூடுதலாகப் புரதம் சாப்பிட முடிந்தது. சளிக்காய்ச்சல் வந்தபோதும் அம்மோனியா கட்டுமீறவில்லை. பிறந்ததிலிருந்து 307 நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தவன், ஜூனில் முதல்முறையாகத் தன் வீட்டுக்குப் போனான்.