18 டிகிரியை எட்டப் போராடும் வீடுகள்

வெளியே எவ்வளவு குளிர் என்பதைவிட, எப்படிப்பட்ட வீட்டில் வசிக்கிறோம் என்பதே சில நாடுகளில் நலத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டைச் சூடாக்க வழியின்றித் தவிக்கும் பிரிட்டிஷ் குடும்பங்களின் நிலை குறித்து ஒரு பார்வை.

நம் வீட்டில் யாராவது குளிர்சாதனத்தை 18 டிகிரி செல்சியசில் வைத்தால், “ஏன் இவ்வளவு குளிர்?” என்று போர்வையைத் தேடுவோம். மின்கட்டணத்தை நினைத்து அம்மா உடனே 25க்கு மாற்றிவிடுவார்.

அதே 18 டிகிரிதான், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் இருக்கவேண்டிய குறைந்தபட்ச வெப்பநிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் பரிந்துரைத்தது. குழந்தைகளும் முதியோரும் இருக்கும் வீடுகளில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. ஆனால், பிரிட்டனில் பல குடும்பங்களால் நவம்பர் முதல் மார்ச் வரை இந்த 18 டிகிரியை எட்ட முடிவதில்லை. நாம் குளிரை விலை கொடுத்து வாங்குகிறோம். அவர்கள் சூட்டை விலை கொடுத்து வாங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

பில் குறைவு என்றால் நிம்மதியா?

இந்த நிலையை ‘எரிசக்தி வறுமை’ என்கிறார்கள். ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர் பிரெண்டா போர்ட்மன் 1991ல் வெளியிட்ட நூல் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்க வருமானத்தில் 10 விழுக்காட்டுக்குமேல் செலவிட வேண்டியிருந்தால், அந்தக் குடும்பம் எரிசக்தி வறுமையில் உள்ளது என்பதே அது. ஆண்டுக்கு 16,000 பவுண்டு ஈட்டும் குடும்பத்துக்கு அந்த எல்லை 1,600 பவுண்டு.

இதில் ‘செலவிட வேண்டியிருந்தால்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உண்மையில் எவ்வளவு செலவிட்டார்கள் என்பது கணக்கில்லை. ஏனென்றால், கையில் பணம் இல்லாதவர்கள் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். அவர்களுடைய பில் குறைவாகவே வரும். பில்லை மட்டும் பார்த்தால் அவர்கள் சிக்கனமானவர்களாகத் தெரிவார்கள். குளிரில் நடுங்குவது பில்லில் பதிவாகாது.

இங்கிலாந்து 2021ல் அளவுகோலை மாற்றியது. அங்கு வீடுகளுக்கு எரிசக்திச் சிக்கனத்தின் அடிப்படையில் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை தரம் வழங்கப்படுகிறது. வீடு ‘டி’ அல்லது அதற்கும் கீழான தரத்தில் இருக்கவேண்டும். வீட்டுச் செலவும் எரிசக்திச் செலவும் போக மிஞ்சும் வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்கவேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அக்குடும்பம் எரிசக்தி வறுமைக் கணக்கில் வரும். இந்தக் கணக்குப்படி, அண்மை ஆண்டுகளில் அங்கு பத்தில் ஒன்றுக்கும் சற்று அதிகமான குடும்பங்கள் இப்பட்டியலில் உள்ளன.

ஆனால், ‘சி’ தர வீட்டில் இருப்பவர் விலையேற்றத்தால் எவ்வளவு தடுமாறினாலும் இந்தப் பட்டியலில் இடம்பெறமாட்டார். பத்து விழுக்காட்டு அளவுகோலைத் தொடர்ந்து பயன்படுத்தும் ஸ்காட்லாந்தில் அவர் கணக்கில் சேரக்கூடும். யாரை எண்ணுகிறோம் என்பதை அளவுகோலே முடிவு செய்கிறது. புள்ளிவிவரம் படிக்கும் மாணவர்கள் மனத்தில் வைக்கவேண்டிய பாடம் இது.

சுவர் வழியே வெளியேறும் பணம்

கடுங்குளிர் நாட்டில்தான் குளிர்கால மரணம் அதிகம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. 14 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு 2003ல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டின் மற்ற மாதங்களைவிடக் குளிர்காலத்தில் மரணங்கள் எவ்வளவு அதிகரிக்கின்றன என்று கணக்கிட்டது. மிதமான குளிர் கொண்ட போர்ச்சுகலில் 28 விழுக்காடு கூடியது. பிரிட்டனில் 18 விழுக்காடு. பனி உறையும் ஃபின்லாந்தில் வெறும் 10 விழுக்காடு.

இந்த வேறுபாட்டின் முக்கியக் காரணங்களுள் ஒன்று வீடு. ஃபின்லாந்திலும் சுவீடனிலும் தடித்த வெப்பக் காப்பு, இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி சன்னல்கள் என்று வீடுகள் குளிரை எதிர்பார்த்தே கட்டப்படுகின்றன. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சுவீடன் கட்டட விதிகளை மேலும் கடுமையாக்கியது.

பிரிட்டனிலோ ஐரோப்பாவின் மிகப் பழைய வீடுகள் பல இன்னமும் புழக்கத்தில் உள்ளன. விக்டோரியா மகாராணி காலத்துச் செங்கல் வரிசை வீடுகளின் சுவர்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எனவே உள்ளே வெப்பக் காப்புப் பொருளை நிரப்ப வழியில்லை. கூரை, சுவர், சன்னல் இடுக்கு ஆகியவற்றின் வழியே சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போன்றதுதான்.

இந்த நிலையில்தான் விலையேற்றம் வந்தது. பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகள் எரிவாயு பாய்லரால் சூடாக்கப்படுகின்றன. சராசரி வீட்டுக்கான ஆண்டு எரிசக்திக் கட்டண உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது. ரஷ்யா - உக்ரேன் போருக்குப் பிறகு, 2022 அக்டோபரில் அது 3,549 பவுண்டை எட்டவிருந்தது. அரசாங்கம் தலையிட்டு அதை 2,500 பவுண்டளவில் நிறுத்தியது. அப்போதும் ஓராண்டில் கிட்டத்தட்ட இரு மடங்கு உயர்வு. அந்தக் குளிர்காலத்தில் நூலகங்களும் தேவாலயங்களும் சமூக மன்றங்களும் கதவைத் திறந்து, குளிர்காய இடமும் சூடான தேநீரும் தந்தன.

காசு தீர்ந்தால் இருட்டு

ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டில் முன்கட்டண மீட்டர் இருக்கும். கைப்பேசிக்கு ‘டாப் அப்’ செய்வதுபோல, அக்கம்பக்கக் கடையில் பணம் கட்டி மீட்டரில் ஏற்ற வேண்டும். பணம் தீர்ந்தால் எரிவாயுவோ மின்சாரமோ நின்றுவிடும். துண்டிக்க அதிகாரி யாரும் வரவேண்டியதில்லை. அதனால் எத்தனை வீடுகள் எத்தனை இரவுகள் இருட்டில் கிடந்தன என்பது வெளியே தெரிவதும் அரிது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அன்றாடம் ஒரு நிலையான கட்டணம் கழிக்கப்படும். ஹீட்டரைத் தொடாமல் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாலும் கணக்கில் உள்ள தொகை கரையும். கடன்பட்ட வாடிக்கையாளர்களின் வீட்டுக்குள் நீதிமன்ற ஆணையுடன் நுழைந்து இத்தகைய மீட்டரைப் பொருத்தியது பெரும் சர்ச்சையானது. 2023 பிப்ரவரியில் கட்டாயப் பொருத்தல் நிறுத்திவைக்கப்பட்டது.

உடலும் மனமும்

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் கூடுகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை ஏறுகிறது. ஐஸ் மைலோ கிண்ணத்தின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்போம். அதேபோல, சமையலிலும் குளியலிலும் எழும் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணம் படர்கிறது.

ரோச்டேல் நகரில் காற்றோட்டம் குறைந்த வாடகை வீடொன்றில் வசித்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் மாண்டான். நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அவன் பெயரால் அமைந்த ‘அவாப் சட்டம்’, சமூக வாடகை வீடுகளில் இத்தகைய ஆபத்துகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அது 2025 அக்டோபரில் நடப்புக்கு வந்தது.

பேராசிரியர் மைக்கல் மார்மட் குழுவின் 2011 அறிக்கை, குளிர் வீட்டில் வளரும் குழந்தைகளுக்குச் சுவாசக் கோளாறு வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்றது. பதின்ம வயதினர் பற்றிய தகவல் இன்னும் உறுத்துகிறது. குளிர் வீட்டில் வசிப்போரில் நால்வரில் ஒருவருக்குமேல் பலவித மனநலச் சிக்கல்களுக்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தனர். சூடான வீட்டில் வசிப்போரில் அது இருபதில் ஒருவர்தான்.

காரணம் ஊகிக்கக் கடினமன்று. ஓர் அறையை மட்டும் சூடாக்க முடிந்தால் குடும்பமே அங்குதான் இருக்கும். தொலைக்காட்சி, அழும் தம்பி, அம்மாவின் தொலைபேசி உரையாடல் எல்லாவற்றுக்கும் நடுவே வீட்டுப்பாடம். அமைதி வேண்டுமென்றால் குளிர் அறை. சூடு வேண்டுமென்றால் சத்தம். நண்பர்களை வீட்டுக்கு அழைக்கவும் தயக்கம்.

பணமா, பழுதுபார்ப்பா?

முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகை 1997 முதல் வழங்கப்படுகிறது. 2024ல் அது குறைந்த வருமான உதவி பெறுவோருக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியோருக்கு மீண்டும் கிடைக்கும் என 2025ல் அறிவிக்கப்பட்டது. குளிர் கடுமையாகும் வாரங்களில், தகுதியுள்ளோருக்கு 25 பவுண்டு தரும் திட்டமும் உண்டு.

இவை அந்த மாத பில்லைக் கட்ட உதவும், தேவையும்கூட. ஆனால், ஓட்டை அடைபடாதவரை அடுத்த குளிர்காலத்திலும் அதே பணம் மறுபடி சுவர் வழியே வெளியேறும். வெப்பக் காப்புப் பணிகளோ 2013க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துபோயின. அந்த ஆண்டுகளில் சரிசெய்யப்படாத கூரைகளுக்கான விலையைத்தான் 2022ல் குடும்பங்களும் அரசாங்கமும் சேர்ந்து கட்டின.

அங்குப் படிக்கச் செல்வோருக்கு

பிரிட்டனில் படிக்கும் நம் மாணவர்கள் பலர் முதலாண்டுக்குப் பிறகு நண்பர்களோடு பழைய வாடகை வீடுகளில் குடியேறுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

* வீட்டின் எரிசக்தித் தரம் என்ன? இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் வாடகை வீடு பொதுவாகக் குறைந்தது ‘இ’ தரத்தில் இருக்கவேண்டும். முகவரியைக் கொண்டு அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம்.
* வாடகையில் எரிவாயு, மின்சாரம் அடங்குமா? அடங்கினால், அதற்கு உச்சவரம்பு உண்டா?
* முன்கட்டண மீட்டரா? பழைய கடன் ஏதும் அதில் ஏறியுள்ளதா?
* சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புத் திட்டு தெரிகிறதா? புதிதாக வெள்ளையடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள்.

தரம் தாழ்ந்த வீட்டின் வாடகை குறைவாக இருக்கலாம். மிச்சமாகும் தொகையைவிட ஜனவரி மாத பில் பெரிதாக வரக்கூடும். வாடகையையும் பில்லையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பதே புத்திசாலித்தனம்.